அண்ணனின் வேனில் இருந்த பேட்டரிப் பெட்டி

அந்தப் பெட்டி இன்னும் அண்ணி வீட்டில் இருக்கிறது. நீளம் ஒன்றரை அடி, அகலம் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பல் நிறப் பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் தூக்குவதற்குக் கைப்பிடி. மூடியின் உட்புறத்தில் கறுப்பு மார்க்கரால் ஐந்து வரிகள் எழுதியிருக்கும். அதில் மூன்றாவது வரியை நான் பொருட்படுத்தாமல் விட்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் அரியலூர்ப் பக்கம் முப்பது வருடம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினார். ஓட்டுவதை நிறுத்தியதும் கல்யாண கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில் போட்டார். கட்டிலுக்குக் கீழே பாத்திரம் வைக்க இழுப்பறை, ஓரத்தில் ஒற்றை அடுப்பு, ஜன்னல்களுக்குக் கொசுவலை, கூரையில் ஒரு சின்ன மின்விசிறி. அண்ணியை ஊர் ஊராகக் கூட்டிப்போவது திட்டம். லாட்ஜ் வாடகை கிடையாது, ஹோட்டல் சாப்பாடு கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம்.

"இத்தனை வருசமா கல்லை ஏத்திக்கிட்டுப் போனேன். இனிமே இவள ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார் என்னிடம்.

"கல்லுக்கு சோறு பொங்கத் தெரியாதுல்ல, அதான்" என்றார் அண்ணி.

ஒரே ஒரு பயணம் போனார்கள், வேளாங்கண்ணிக்கு. அடுத்தது கன்னியாகுமரி என்று பேசிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு சமதளத்தில் நடந்தாலும் வாங்கியது. நுரையீரல் இறுகிவிட்டது, இனி அது பழையபடி விரியாது என்றார் மருத்துவர். தூசியா, பீடியா, வேறு ஏதாவதா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டிய குழாய் வழியாகக் கொடுக்கும். மின்சாரம் இருக்கும்வரை ஓடும்.

அதற்குள் நானும் பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். திருச்சியில் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தேன். வேன் ஓட்டும் வேலை என்னிடம் வந்தது.

எங்கள் சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். அண்ணனின் ஒரே மகன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். பதினொரு வயதில் காய்ச்சலில் போனவன். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு அண்ணனும் அண்ணியும் போய்க் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அன்று மாலை எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வெளிச்சம் இல்லாத கல்லறை ஒன்று இருந்தால் எல்லோருக்கும் அது தெரியும். அண்ணன் படுத்த முதல் வருடம் அவர்களால் போக முடியவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்களிடம் மிஞ்சிய ஒரு துண்டு மெழுகுவர்த்தியை வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். 

அடுத்த வருடம் எப்படியாவது போய்விட வேண்டும் என்றார் அண்ணன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

"அப்படியே அவன் பக்கத்துல என் எடத்தையும் பாத்துட்டு வந்துடலாம்."

இயந்திரத்தை வேனில் ஓட்ட முடிந்தால் போகலாம், ஆனால் இடையில் அது நிற்கக் கூடாது என்றார் மருத்துவர். வேனின் சொந்த பேட்டரியில் அதை ஓட்ட முடியாது. அது வண்டியைக் கிளப்புவதற்கானது. இரண்டாவதாக ஒரு பேட்டரி வேண்டும். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அண்ணனின் டிப்பருக்கு வயரிங் பார்த்தவர்.

"வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிய கழட்டி வெச்சிக்கலாமா பாய்?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். அது ஆசிட் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது வாயு விடும். வண்டி சாஞ்சா ஆசிட் ஒழுகும். ஆளு படுக்கிற எடத்துல அத வெக்கலாமா? லித்தியம் போட்டுக்கலாம். அண்ணனுக்கு நான் செஞ்சு தரேன், இன்ஷா அல்லா."

பத்து நாளில் செய்து கொடுத்தார். பேட்டரியும் இன்வர்ட்டரும் ஒரே பெட்டியில், நடுவில் தடுப்போடு. தேவைப்பட்டால் கழற்றி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகலாம். வேன் ஓடும்போது இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏறும். நின்றிருந்தால் இயந்திரத்தை மூன்று மணி நேரம் ஓட்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தரையில், இரும்பு வளையங்களில் பெல்ட் போட்டு இறுக்கினார். நான்கு ஆள் பிடித்து இழுத்தாலும் நகராது என்று காட்டுவதற்கு அவரே காலால் உதைத்துப் பார்த்தார். பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அதற்குப் பக்கத்தில் சிவப்புச் சுவிட்சு, அதைத் திருப்பினால் எல்லாம் துண்டிக்கப்படும்.

"பெல்ட்டு எதுக்குன்னு கேக்காதீங்க சார். பிரேக் போட்டா இது பறந்து வந்து உங்க முதுகுலதான் உக்காரும்."

பிறகு மூடியைத் திருப்பி மார்க்கரால் எழுதினார். பெல்ட் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. பெட்டிமேல் துணி, பை எதுவும் வைக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. வெயிலில் பூட்டிய வண்டிக்குள் சார்ஜ் போடக் கூடாது. கிளம்பும் முன் திறந்து முனைகளைப் பார்க்க வேண்டும்.

சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றையும் அவசரத்துக்கு வாங்கி வைத்தோம். அண்ணனுக்கு வேண்டிய அளவில் திறந்தால் ஒரு மணி நேரம் வரும். அதைப் பேட்டரிக்கு எதிர்மூலையில், பின்கதவோரம் நிற்கவைத்துக் கட்டினார் பாய். அடுப்பையும் கேஸையும் இறக்கச் சொன்னார். அண்ணி அடுப்பைத் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, பரணில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

செப்டம்பரில் திருச்சி மருத்துவமனைக்கு ஒரு முறை போய்வந்தோம். இயந்திரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அண்ணியிடம் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு, கிரீடம்தான் மூடி. கோவிலில் மந்திரித்துக் கொடுத்த உப்பைக் கரைத்த தீர்த்தம் அதில் இருக்கும். எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் புது வண்டிக்கும், புதுக் கிணற்றுக்கும், காய்ச்சல்காரரின் நெற்றிக்கும் அதைத்தான் பூசுவார்கள். காலையில் ஜெபம் முடிந்ததும் அண்ணி அண்ணனின் நெற்றியில் ஒரு சிலுவை வரைவார். பெட்டி வந்த பிறகு, நேராக வேனுக்குப் போய் அதற்கும் வரைந்தார். மூடியின்மேல் அல்ல. மூடியைத் திறந்து, விரலைத் தீர்த்தத்தில் முக்கி, பேட்டரியின் இரண்டு முனைகளிலும்.

முதல் முறை பார்த்தபோது நான் வேனைக் கழுவ வந்திருந்தேன்.

"அண்ணி, தண்ணி படக் கூடாதுன்னு எழுதியிருக்காரே."

"தண்ணி இல்ல தம்பி, தீர்த்தம்."

அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். ஒரு சொட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மகனையும் பறிகொடுத்துவிட்டு, கணவன் குழாயில் மூச்சு விடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், நீங்கள் செய்கிற ஒரே காரியம் தவறு என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொட்டு என்பதும் சரியான கணக்கு அல்ல. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஒரு நாள் விடாமல் செய்தார்.

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை ஐந்தாவது வரிப்படி பெட்டியைத் திறந்து பார்த்தேன். சார்ஜ் முழுமையாக இருந்தது. முனையில் மாட்டிய செம்பு வளையத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் உதிர்ந்தது. பாயிடம் காட்டலாம் என்று தோன்றியது. காட்டினால் எப்படி வந்தது என்று கேட்பார், அண்ணி பக்கத்தில் நிற்பார். விடிந்தால் பயணம், இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று மூடிவிட்டேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். தூறல். அண்ணன் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார், அண்ணி காலடியில். இரண்டு செவ்வந்தி மாலை, ஒரு டப்பா சுண்ணாம்பு, ஒரு பிரஷ், இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி. ஆக்ஸிஜன் இருக்கும் வண்டியில் நெருப்பு கூடாது என்பதால் தீப்பெட்டியை மட்டும் வாங்கவில்லை. ஊரில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அரியலூர் வரை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. படுத்தபடியே சத்தத்தை வைத்து எந்த வண்டி, எத்தனை டன், லோடா காலியா என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"மூணாவது போடுடா. வண்டி அழுவுது."

"போட்டுட்டேன்ணே."

"போட்ட லட்சணம் இங்க கேக்குது. பேப்பர் ஆபீஸ்ல எழுத்துப் பிழை பாத்தவன்கிட்ட வண்டிய குடுத்தா இப்படித்தான்."

"பேசாம வாங்க" என்றார் அண்ணி. "பேசுனா மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். ரெண்டு வருசம் கழிச்சு நம்ம ஊரு ரோட்டைப் பாக்குறேன்."

கீழப்பழுவூர் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. வெளியிலிருந்து என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னல் மூடியிருந்தது. அப்போது இன்வர்ட்டர் விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது. ஓரம் கட்டுவதற்குள் அது நீளமாக ஒருமுறை கத்தி நின்றது. கூடவே ஆக்ஸிஜன் இயந்திரமும் நின்றது. இவ்வளவு நாளும் அந்த அறையில், இந்த வண்டியில் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் இல்லாமல் போனபோது மழை தகரத்தில் விழுவது கேட்டது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. பாய் இரண்டு முறை செய்யவைத்துப் பார்த்திருந்தார். பின்கதவைத் திறந்து, சிலிண்டரின் வால்வைத் திருகி, குழாயை மாற்றினேன். அதற்குள் அண்ணனின் உதடு நிறம் மாறியிருந்தது. அண்ணி அவருடைய முதுகை நிமிர்த்திப் பிடித்திருந்தார். குழாயில் காற்று வந்ததும் மூச்சிரைப்பு மெதுவாகத் தணிந்தது. பிறகுதான் பெட்டிக்குப் போனேன். மூடி வெதுவெதுப்பாக இருந்தது. சிவப்புச் சுவிட்சைத் திருப்பிவிட்டுத் திறந்தேன். வலது முனை முழுவதும் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. செம்பு வளையம் கறுத்து, அதிலிருந்து நாலு விரற்கடைக்கு வயரின் சிவப்பு உறை உருகி வழிந்திருந்தது. தீ பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அந்தப் பெட்டிக்கும் அண்ணனின் தலைக்கும் இடையே இரண்டு அடி.

துடைத்துத் திரும்ப மாட்டலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வெந்த வயரை நம்பக் கூடாது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். ஒரு மணி நேரம். அரியலூர் மருத்துவமனைக்குத் திரும்ப இருபத்தைந்து நிமிடம். ஊருக்கு, இந்த மழையில், நாற்பது நிமிடம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவோம்டா. நாப்பது நிமிசம்தான."

"திரும்பி வரணும்லண்ணே."

"வரணுமா?"

 மாலைகள் இருந்த பையை அண்ணி மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"தம்பி, திருப்புங்க" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம்டி. அவன்..."

"அவன் எங்கயும் போயிட மாட்டான். திருப்புங்க தம்பி."

திருப்பினேன்.  அரியலூர் வரும்வரை அண்ணன் எந்த லாரியைப் பற்றியும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் உடனே ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் போன் செய்து, கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி வைக்கச் சொன்னேன். வைக்கிறேன் என்றார். வைத்தாரா என்று நான் பிறகு கேட்கவில்லை.

மாலை அண்ணி டீ வாங்கப் போயிருந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"உப்புத் தண்ணிதான?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் அவருடைய கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேரே வேன் நிற்கும்.

"தெரியுமாண்ணே?"

"தெனம் பாத்துக்கிட்டுதான இருக்கேன். படுத்தவனுக்கு வேற என்ன வேல?"

"பேட்டரி முனைக்கு உப்பு ஆகாதுன்னு..."

"முப்பது வருசம் லாரி ஓட்டுனவன்கிட்ட பேட்டரி பாடம் நடத்தாத. அவளுக்குச் செய்யிறதுக்கு வேற என்னடா இருக்கு? ஒரு நாளைக்கு அத செஞ்சாத்தான் நிம்மதியா சோறு திங்கிறா." மூச்சுக்காக நிறுத்தினார். "ஒரு நா தாங்கும்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லிடாத. பேப்பர்லயும் போட்டுடாத."

கடைசி வாக்கியத்துக்கு அவர் சிரிக்க முயன்றார். அது இருமலாகிவிட்டது.

பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும், எரிந்துபோன கடை, கூரை, பேருந்து எதுவானாலும், காரணம் தெரியாத இடத்தில் 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரியை எத்தனை செய்திகளில் நானே சேர்த்திருக்கிறேன் என்று தெரியாது. இங்கே காரணம் எனக்குத் தெரியும். பார்த்தவன் நான். முந்தின நாள் நகத்தால் சுரண்டியவனும் நான். அண்ணி செய்தது நம்பிக்கை, அண்ணன் சும்மா இருந்தது அவர்மேல் இருந்த பிரியம். நான் சும்மா இருந்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பாய் பெட்டியைப் பார்க்க வந்தார். வேனில் மண்டியிட்டு, முனையை விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த பேட்டரில ஆசிட்டே கிடையாது சார். இது உப்புத் தண்ணி. யாரு..."

அண்ணி டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். பாய் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாய் ஆச்சு?" என்றார் அண்ணி.

"நட்டு லூசாயிடுச்சு அக்கா. ரோடு அப்படி. நாந்தான் இன்னும் இறுக்கியிருக்கணும்."

தான் செய்யாத தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, புது வயர் போட்டு, முனைகளில் வாசலின் தடவி, இரண்டின்மேலும் ரப்பர் மூடி மாட்டிவிட்டுப் போனார்.

இன்னொரு முறை கிளம்புவோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். டிசம்பரில் மழை விட்டதும் போகலாம், கிறிஸ்துமஸுக்கு முன் போகலாம். அண்ணன் சரி என்றார். ஆனால் டிசம்பரில் குளியலறைக்கு நடந்து போவதே அவருக்குப் பயணமாகிவிட்டது. இயந்திரத்தின் அளவைக் கூட்டினோம், திரும்பவும் கூட்டினோம். வேன் அதே இடத்தில் நின்றது. ஜன்னல் வழியாக அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், ஒரு முற்பகலில் இறந்தார். அப்போது கரண்ட் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிதான் அதை நிறுத்தினார். அதே சாலையில், அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாக அண்ணனைக் கொண்டுபோனோம், வாடகை வண்டியில். மகனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. மகனின் கல்லறையில் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் நகர்ந்த பிறகும் அண்ணி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனை விற்றுவிட்டோம். பேட்டரிப் பெட்டியை அண்ணி கொடுக்கவில்லை. கரண்ட் போனால் அவருடைய அறையின் மின்விசிறியும் விளக்கும் இப்போது அதில்தான் ஓடுகின்றன. காலை ஜெபம் முடிந்ததும் மாதா பாட்டிலை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருகிறார். மூடியைத் திறந்து, ரப்பரை ஒதுக்கி, இரண்டு முனைகளிலும் சிலுவை வரைகிறார். எதற்காக என்று நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நான் போகிறேன். காய்ந்த துணியால் துடைத்து, விரல் நுனியில் வாசலின் எடுத்துத் தடவி, ரப்பரை மாட்டி மூடுகிறேன். ஒரு நாள் அண்ணி கேட்டார்.

"என்ன தம்பி, தெனமும் வந்து தொடைக்கிறீங்க?"

"தூசி அண்ணி."

"இந்த ஊர்ல அதுக்கு என்ன கொறைச்சல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.